திரிதலும் நீறுதலும்: பொருள்மாற்றம் குறித்த தமிழ்ச் சொற்களின் வரலாறு

வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையே, சென்னையினின்று திருவள்ளூர் செல்லும் பழஞ்சாலையின்மேல் அமைந்தது பாடி என்னும் ஊர். திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் பாடியருளிய முதல் திருமுறையின் மூன்றாம் பதிகத்துக்குரிய திருவலிதாயம் இவ்வூர்க் கோயிலே. 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தே இவ்வூர் தொழிலூராயிற்று. வீல்ஸ் இந்தியா 1960-இலும், லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-இலும் நிறுவப்பெற்று இவ்வூரில் தொழிலகம் கொண்டன. எஃகுத் தகடு வளைந்து சக்கரமாவதும், அலுமினியம் உருகி அச்சில் வார்ப்பாவதும் இவ்வூரார் அன்றாடம் பேசும் செய்திகளாயின. பால் தயிராவதும், சாணம் நீறாவதும், கருப்பூரம் சுடரில் ஒழிவதும் இவ்வூர்க் கோயிலில் அவற்றினும் பழைய செய்திகள்.

இவ்விருவகை நிகழ்ச்சிகளுக்கும் நடுவே வாழும் பள்ளி மாணவன் ஒருவன், இயற்பியல் மாற்றத்துக்கும் வேதியியல் மாற்றத்துக்கும் அன்றாட வாழ்வினின்றும் எடுத்துக்காட்டுத் தருமாறு வினவப்படுகின்றான். தகடு வளைதலும் பனிக்கட்டி உருகுதலும் முன்னதன்பாற்படும். இரும்பு துருப்பிடித்தலும் பால் தயிராதலும் பின்னதன்பாற்படும் என்று அவன் எழுதுகின்றான். விடை சரியே. ஆனால் ஒன்றனை ஒருபாலும் மற்றொன்றனை மறுபாலும் வைத்தது ஏன் என்று மேலும் வினவின், அப்பெயர்கள் அவனுக்குத் துணைசெய்வதில்லை. இயற்பியல் ஆராய்வது இயற்பியல் மாற்றம். வேதியியல் ஆராய்வது வேதியியல் மாற்றம் என்பதற்குமேல் அப்பெயர்கள் ஒன்றும் உரைப்பன அல்ல. யாழ்ப்பாணத்தில் இவனொத்த மாணவன் பௌதிக மாற்றம் என்றும் இரசாயன மாற்றம் என்றும் எழுதுவான். சொல் வேறு, குறை ஒன்றே. நான்கு பெயர்களும் மாற்றத்துக்கு இட்ட பெயர்கள் அல்ல. மாற்றத்தை ஆராயும் துறைக்கு இட்ட பெயர்கள்.

பொருள் அதுவாகவே நிற்ப, அதன் வடிவோ நிலையோ மாறுதல் ஒன்று. பொருளே தன் தன்மை நீங்கி வேறொரு பொருளாதல் மற்றொன்று. இவ்வேறுபாடு ஐரோப்பியர் வந்து கற்பித்த பின்னரே தமிழர்க்குத் தோன்றியது எனக் கருதுவார் உளர். பண்டைத் தமிழர் வேதியியல் முழுதும் உணர்ந்திருந்தனர் என மேடையில் முழங்குவாரும் உளர். இரண்டும் பொருந்தா. வேறுபாட்டை உணர்ந்து பெயரிடுதல் வேறு. அதன் காரணத்தை நிறுத்தும் அளந்தும் நிறுவுதல் வேறு. முன்னது தமிழில் பல இடங்களில் நிகழ்ந்தது என்பதும், அறிவியற் சொல்லாக்கம் முனைந்து நடந்த காலத்தே அவ்விடங்களுள் பெரும்பாலன திரும்பிப் பார்க்கப்படவில்லை என்பதுமே இக்கட்டுரை கூறக் கருதுவன.

அடுக்களை வழக்கு

வீட்டு வழக்கினின்று தொடங்குவோம். காய்ச்சிய பால் கெட்டுப்போயின், 'பால் திரிந்துவிட்டது' என்பர். நெய் இளகின், 'உருகிற்று' என்பர். குளிரிற் கட்டியாயின், 'உறைந்தது' என்பர். நெய் திரிந்தது என உருகிய நெய்யை எவரும் கூறார். திரிந்த பால் மீண்டும் பாலாவதில்லை என்பதும், உறைந்த நெய்யை வெயிலில் வைத்தால் முன்போல் ஆகும் என்பதும் அச்சொற்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. சோறு வேகின்றது, எள் கருகுகின்றது, மாவு புளிக்கின்றது, உப்புக் கரைகின்றது. இவ்வினைச்சொற்களைத் தொகுத்து நோக்குவார்க்கு, உருகுதல், உறைதல், கரைதல், உலர்தல் என்பன ஓரினமாகவும், திரிதல், புளித்தல், கருகுதல், நீறுதல் என்பன மற்றோரினமாகவும் தாமே பிரிந்து நிற்பது புலனாகும்.

ஆயினும் இப்பிரிவை மிகைபடக் கூறலாகாது. பாலில் மோர் விட்டுத் தயிராக்குதலையும் 'உறை ஊற்றுதல்' என்றும் 'தயிர் உறைந்தது' என்றும் வழங்குகின்றோம். நெய் உறைவதும் தயிர் உறைவதும் ஒன்றல்ல. முன்னதில் நெய் நெய்யாகவே உள்ளது. பின்னதில் நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்க, அப்புளிப்பால் பாலின் புரதம் திரள்கின்றது. நெகிழ்ச்சி நீங்கிக் கெட்டிப்படுதல் என்னும் புறத்தோற்றம் ஒன்றே நோக்கி ஒரு சொல் இரண்டையும் தழுவிற்று. இங்ஙனமே பெயர் மாறுதலையும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. அரிசி வெந்தால் சோறு. மண் சுடப்பட்டால் செங்கல். கள் புளித்தால் காடி. பொருள் மாறியவிடத்துப் பெயரும் மாறியது போலத் தோன்றும். ஆனால் நெல்லின் உமி நீங்கியவுடன் அது அரிசி எனப் பெயர் பெறுகின்றதே. உமி நீங்கியதன்றி அரிசியின் தன்மை யாது மாறிற்று? உலக வழக்குப் பயன் கருதியது. இலக்கணம் கருதியதன்று.

பாடநூல்களில் மற்றொரு பிரிவும் உண்டு: மீள் மாற்றம், மீளா மாற்றம். இதனை முன்னைய பிரிவோடு ஒன்றாக்கி, மீளாமையே வேதிமாற்றத்தின் இலக்கணம் என்று மாணவர் பலர் மனத்திற் கொள்கின்றனர். தமிழர் இல்லத்து ஆலத்தித் தட்டு இதனை மறுக்கும். மஞ்சள் கரைத்த நீரிற் சுண்ணாம்பு சேரச் செந்நிறம் பிறக்கின்றது. அந்நீரில் எலுமிச்சஞ்சாறு போதிய அளவு சேரின் மஞ்சள் நிறம் மீள்கின்றது. சுண்ணாம்பின் காரத்தால் மஞ்சளின் நிறப்பொருள் அடைந்த மாற்றம் வேதிமாற்றமே. அது மீளவும் மீள்கின்றது. இனி, பனையோலையை நறுக்கி நறுக்கித் துகளாக்கினால் அது மீண்டும் ஓலையாகாது. அதனால் அது வேதிமாற்றமாகிவிடுமோ?

இலக்கண நூலார் கண்ட இருவகை

உலக வழக்கில் நெகிழ்ந்து கிடந்த இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் புலவர் இறுகப் பிடித்த இடம் எழுத்ததிகாரம். இரு சொற்கள் தம்முள் கூடுங்கால், இரண்டும் தத்தம் வடிவு குலையாது நிற்பின் அஃது இயல்பு. வடிவு வேறுபடின் அது திரிபு. திரிபினைத் தொல்காப்பியனார் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாக வகுத்தார். நன்னூலார் அவற்றைத் திரிதல், தோன்றல், கெடுதல் என்னும் பெயர்களால் விகாரம் என ஓதினார். 'வாழை மரம்' இயல்பு. 'பற்பொடி' திரிபு. இவை தமிழ் கற்கத் தொடங்குவார் யாவரும் அறிந்தன.

அடுக்களையிற் கேட்ட 'திரிதல்' ஈண்டும் வருதல் நோக்கற்பாலது. பால் திரிந்தது என்னும் இல்லத்து மூதாட்டியும், லகரம் றகரமாகத் திரிந்தது என்னும் உரையாசிரியரும் ஒரே சொல்லை ஒரே கருத்திலேயே ஆள்கின்றனர்: முன்னிருந்த மெய் போய்ப் பிறிதொரு மெய் நின்றது. 'மெய்பிறிதாதல்' என்னும் தொடரை இலக்கணச் சூழலினின்றும் பெயர்த்துத் தனியே வைத்துப் படித்தால், புதுப்பொருள் தோன்றும் மாற்றத்துக்கு இதனினும் செறிந்த பெயர் காண்டல் அரிது.

இங்குத் தடை ஒன்று எழும். எழுத்தின் திரிபும் பொருளின் திரிபும் ஒரு நிகரனவோ? அல்ல. 'பொற்குடம்' என்புழி னகரம் றகரமாயிற்று. ஆயின் குடத்திலுள்ள பொன் பொன்னாகவே உள்ளது. எழுத்துத் திரிந்தது, பொன் திரியவில்லை. அன்றியும், புணர்ச்சியைப் பிரித்து நிலைமொழியையும் வருமொழியையும் ஒருவன் நொடியிற் காண்பான். துருவினின்று இரும்பைப் பிரித்தற்கு உலைக்களமும் கரியும் வேண்டும். ஒப்புமை பொருளிற்கன்று, பகுப்பு முறைக்கே. கூடுவன தம் இயல்பு குலையாமற் கூடுதல், இயல்பு குலைந்து கூடுதல் என்னும் இருகூறு தமிழ் மாணவனுக்குப் பாலப் பருவத்திலேயே பழகியது. இரும்புத் தூளும் கந்தகத் தூளும் கலந்து கிடத்தலும், அவை சூட்டில் ஒன்றி வேறொரு பொருளாதலும் ஆகிய இரண்டனையும் அவன் இக்கண்கொண்டு நோக்கின் எளிதில் உணர்வான்.

வியப்பு என்னவெனில், தமிழ்நாட்டில் இன்று வழங்கும் 'இயற்பியல்' என்னும் சொல்லுள் 'இயல்பு' உறைகின்றது. இலக்கணத்தில் இயல்பென்பது திரியாமை. இயற்பியல் மாற்றத்தின் இலக்கணமும் பொருள் திரியாமையே. இது கருதிச் செய்த ஆக்கமன்று. இயற்கைப் பொருளின் இயல்பை ஆராய்தல் என்னும் கருத்தில் துறைக்கு இட்ட பெயர், மாற்றத்தின்மேல் ஏறியபோது தானே பொருந்திற்று.

படம் குடிலாதலும் பால் தயிராதலும்

இலக்கணத்தினும் நேராக இப்பொருளைத் தொட்டவர் சைவ சித்தாந்த ஆசிரியர். 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், சூக்குமை முதலிய நால்வகை வாக்கும் சுத்தமாயையினின்று தோன்றும் முறையை ஆராய்கின்றார். காரணம் காரியமாகுங்கால் தன் தன்மை அழிந்து காரியமாகின்றதோ, அழியாது நின்று காரியப்படுகின்றதோ என்பது வினா. இதற்குச் சித்தாந்த நூல்கள் இரண்டு சொற்களையும் இரண்டு உவமைகளையும் வழங்குகின்றன. பால் தயிரானாற்போல மாறுதல் பரிணாமம். படம், அஃதாவது துணி, குடிலானாற்போல விரிதல் விருத்தி. வாக்குகள் தோன்றுவது விருத்தியாலன்றிப் பரிணாமத்தாலன்று என்பது சித்தியார் துணிபு.

முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பாடஞ் சொல்லுங்கால், பள்ளியில் அறிவியல் பயின்று வந்த மாணவர் சிலர் உவமையைக் கேட்டவுடனே, முன்னது வேதியியல் மாற்றம், பின்னது இயற்பியல் மாற்றம் என்று தாமே கூறிவிடுதலைக் கண்டிருக்கின்றேன். உரையை விரித்து ஒரு மணி நேரம் விளக்க வேண்டுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். பாடிக்கு இவ்வுவமை மேலும் நெருக்கமுடையது. பாடி என்பது படை தங்குமிடத்துக்கும் பெயர். படைஞர் தங்கிய இடத்தே துணி குடிலாயிற்று, படை பெயர்ந்தபோது குடில் சுருண்டு மீண்டும் துணியாயிற்று. மடிப்பு மாறியதன்றி நூலிழை ஒன்றேனும் மாறவில்லை. இன்று அவ்வூரில் எஃகுத் தகடு சக்கரமாவதும் படம் குடிலாதலின் வகையே.

தருக்க நூலாரும் இதனை ஆராய்ந்தனர். 1785-இல் மறைந்த சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழ்ப்படுத்தினார். நிலத்தின் நிறம், சுவை, நாற்றம், ஊறு என்பன வெப்பத்தின் கூட்டத்தாற் பிறப்பன என்பது அந்நூற் கொள்கை. அவ்வெப்பச் செயலுக்குப் பெயர் பாகம். பச்சைமண் குடம் சூளையிற் சிவக்குங்கால், அணுக்கள் பிரிந்து ஒவ்வொன்றும் நிறம் மாறிப் பின் கூடுகின்றனவோ, குடம் குடமாகவே இருந்து நிறம் மாறுகின்றதோ என வைசேடிகரும் நையாயிகரும் தம்முள் நெடிது வழக்கிட்டனர். தீயில் நிகழும் மாற்றம் நுண்பகுதிகளின் பிரிவும் கூட்டமும் பற்றியதோ என்னும் வினாவரையில் அவர்கள் வந்திருந்தனர். அடுப்பங்கரையிற் பதம் பார்க்கும் 'பாகு'ம் 'பாகம்' என்பதனோடு உறவுடையதே.

இவ்வளவில் நின்று மகிழ்தல் ஆராய்ச்சியாகாது. சித்தாந்த நூல்களில் ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பு உவமையாகப் பயில்கின்றது. செம்பு என்று உளது, களிம்பும் அன்றே உளது. அது வந்தேறியதன்று, உடன்பிறந்தது என்பர். வேதியியல் கூறுவது இதற்கு மாறு. களிம்பு செம்பின் உள்ளே உறைவதன்று. காற்றும் ஈரமும் புளிப்பும் செம்பின் மேற்பரப்பிற் பற்றி வினைபுரிந்து புதிதாய்த் தோன்றுவது. இதனை நம் இல்லத்தார் செயலளவில் நன்கறிவர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாது புளிக்குழம்பு வையார். உவமை மெய்ப்பொருளை விளக்கப் பிறந்தது. செம்பினை விளக்கப் பிறந்ததன்று. படங்குடில் உவமை அறிவியலோடு இயைந்தமை கொண்டு களிம்பு உவமையையும் அறிவியலாக்க முயல்வார் இரண்டுக்கும் தீங்கு செய்வர்.

நீறு

திரிதலினும் பரந்த வரலாறுடையது நீறுதல். 'நீறு' என்னும் பெயர் சாம்பலையும் திருநீற்றையும் சுண்ணாம்பையும் ஒருங்கே குறிக்கும். நீறுதல் தன்வினை; நீற்றுதல் பிறவினை. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரை ஏழு நாள் அடைத்து வைத்த நீற்றறை, சுண்ணாம்புக் காளவாயே. சாணத்தை உருட்டி உலர்த்தி உமியிட்டு எரித்து வெண்ணீறாக்குதலும், கிளிஞ்சலைக் காளவாயிற் சுடுதலும், சுட்ட கிளிஞ்சலில் நீர் தெளித்துப் பொடியாக்குதலும் யாவும் நீற்றுதல் எனவே வழங்கின.

இச்சொல்லின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. கட்டியாயிருந்த ஒன்று தன் உரு முற்றும் அழிந்து வெண்பொடியாய், வேறு குணம் பெற்று நிற்றல் என்னும் கருத்து இதில் தெளிவாக உள்ளது; வெறுமனே இடித்துப் பொடித்த கிளிஞ்சலை நீறு என்பாரில்லை. குறை யாதெனில், வேறு வேறான மாற்றங்களை இச்சொல் ஒன்றாக்கிவிட்டது. சாணம் எரியுங்கால் அதிலுள்ள கரி காற்றின் உயிர்வளியோடு கூடி வளியாய்ப் போக, சுண்ணமும் மணற்சத்தும் சாம்பல் உப்புகளும் எஞ்சுகின்றன. கிளிஞ்சலோ ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில், தன்னுள் அடங்கியிருந்த கரியமில வளியை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகின்றது. நீர் தெளிக்குங்கால் அது வளியை விடுவதன்று, நீரை ஏற்பது. அவ்வேற்பில் எழும் வெப்பம் கையைச் சுடும். ஒன்று எரிதல், ஒன்று பிரிதல், ஒன்று கூடுதல். தமிழ் மூன்றையும் நீறு என்றது.

சுண்ணாம்பின் உள்ளே நிகழ்வதை உலகம் அறிந்ததும் பண்டன்று. 1756-இல் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக், சுண்ணக்கல்லைச் சுடுமுன்னும் சுட்ட பின்னும் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததற்குக் காரணம் அதினின்று வெளியேறிய ஒருவகை வளியே எனக் காட்டினார். கல்லுக்குள்ளே காற்றுக் கட்டுண்டு கிடக்கும் என்பது அந்நாளில் வியப்பான செய்தி. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு, அதனை அரைத்துச் சென்னைச் சுவர்களைப் பளிங்குபோல் மெருகிட்ட கொத்தரின் சுண்ணச்சாந்து ஆங்கிலேயர் நாவில் 'சுனம்' எனப் புகழ்பெற்றிருந்தது. பூசிய சாந்து நாளடைவில் இறுகுவது, போன வளியைக் காற்றினின்று மீண்டும் ஏற்றுக் கிளிஞ்சலின் பொருளாகவே திரும்புவதால் ஆகும். கொத்தர் அதனை வினையால் அறிந்தனர். பிளாக் தராசால் அறிந்தார். தமிழ்நாட்டு வரலாற்றில் நாம் தேடிக் காணாதது அத்தராசையே, சொல்லையன்று.

சொல்லாக்க முயற்சிகள்

வேதியியலின் பெருமாற்றமே ஒரு பெயரீட்டு மாற்றம் என்பது தமிழறிஞர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1787-இல் பிரெஞ்சு அறிஞர் நால்வர், கிட்டன் டி மோர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபூர்குருவா என்போர், பொருள்களின் பழைய பெயர்களை ஒதுக்கி, எவை கூடி ஆயினவோ அவற்றால் பெயரிடும் முறையை வெளியிட்டனர். அதன் பின்னரே 1789-இல் லவாசியேயின் வேதியியல் முதனூல் தோன்றிற்று. அவரும் தவறினார். 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்னும் பொருளில் ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். ஆக்சிஜன் இல்லாத அமிலமும் உண்டெனப் பின்னர் தெரிந்தது. தவறான பெயரும் நிலைத்து, இன்றும் உலகெங்கும் பணிபுரிகின்றது. ஆகவே பெயர் பொருளைக் காட்டவேண்டும் என்பது முடிந்த முடிபன்று. துறைபோகியார்க்கு எப்பெயரும் குறியீடே. முதன்முதற் கற்கும் சிறுவனுக்கு மட்டும் பெயர் கதவாகவும் இருத்தல் வேண்டும்.

தமிழில் இம்முயற்சி முதலில் முனைந்தது ஈழத்தில். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ அறிவியல் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். அவர் முயற்சி வழி 1875-இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து அமைத்த அப்பெயர் அக்கால முறையை நன்கு காட்டும். அதனை நகுவது எளிது. ஆனால் இயற்பெயரை ஒலிபெயர்த்தவர் துறைப்பெயரை ஒரு வினையின்மேல் ஏற்றிக் குழப்பவில்லை.

1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் வெங்கடசுப்பையரோடு கூடித் தமிழ்ச் சாத்திர பரிபாஷைச் சங்கம் கண்டார். கல்லூரிப் பாடங்களைத் தமிழிற் கற்பித்தற்குரிய சொற்களைத் தொகுத்த அச்சங்கம் தன் வெளியீட்டை ஆங்கிலத்தில் நடத்தியது. அதன் நோக்கினர் ஆங்கிலம் கற்ற ஆசிரியரே. பின்னாளில் அவரே 'திண்ணை இரசாயனம்' என ஒரு நூல் எழுதினார். வேதியியலைக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கும் அப்பெயரே, சொற்பட்டியலால் ஆகாத ஒன்றுண்டு என்பதை அவர் கண்டமைக்குச் சான்று. இரசாயனம் என்னும் சொல் மட்டும் திண்ணைக்குரியதாகவில்லை; வடநூல் மருத்துவத்தில் மூப்பு நீக்கும் மருந்துக்குரிய பெயர் அது.

1936-இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938-இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது. அடிகள் யாழ்ப்பாணத்தில் அறிவியலாசிரியராகப் பணியாற்றியவர். இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். அறிவியலும் எழுத்ததிகாரமும் ஒருங்குணர்ந்த அத்தகையார் அவையில் வீற்றிருந்த காலமே இயல்பையும் திரிபையும் வேதியியலுக்குள் அழைத்தற்கு ஏற்ற காலம். ஆயின் சொல்லாக்கத்தின் முறை வேறாயிருந்தது. ஆங்கிலச் சொற்பட்டியலை இடப்பக்கம் வைத்து வலப்பக்கத்தை நிரப்புவது அம்முறை. அப்பட்டியலில் மாற்றம் என்பதன் முன் துறையின் பெயரடை நின்றது. தமிழிலும் துறையின் பெயரே நின்றது. தவறு ஆளினதன்று, பட்டியலினது.

பட்டியலைக் கடந்து வந்த சொற்களும் உள. 'வேதித்தல்' என்பது ஓருலோகத்தை வேறோருலோகமாக்குதல் என்னும் கருத்தில் இரசவாத நூல்களிற் பயின்றது. அதன் பெயர் வேதை. வேதியியல் என்னும் பெயர் அவ்வேரினது. செம்பு பொன்னாகாது என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் பொருள் வேறாதல் என்னும் கருத்து அச்சொல்லின் உயிர். 'வேதியியல் மாற்றம்' என நீட்டாது 'வேதிமாற்றம்' என்று சுருக்குவாரிடத்துத் துறைப்பெயர் உதிர்ந்து வினைப்பொருள் மீள்கின்றது. சுண்ணாம்பிலோ இருநாட்டாரும் ஒருவழிப்பட்டனர். தமிழ்நாட்டார் நீற்றுச் சுண்ணாம்பு என்ப. ஈழத்தார் நீறிய சுண்ணாம்பு என்ப. துருவைக் கறள் என்னும் ஈழ வழக்கைப் பாடநூல்கள் ஏலாதொழிந்தது போல நீறு ஒழிந்திலது.

இவற்றினும் சிறந்த ஆக்கம் 'பதங்கமாதல்'. திண்பொருள் நீர்ப்பொருளாகாது நேரே ஆவியாதலுக்கு இன்று இதுவே பெயர். சித்த மருத்துவத்தில் சரக்கினைச் சட்டியிலிட்டு மேலே மற்றொரு சட்டி கவிழ்த்து எரிக்க, ஆவியாகி மேற்சட்டியிற் படியும் மருந்து பதங்கம். சாம்பிராணிப் பதங்கம் மருத்துவர் நன்கறிந்தது. இச்சொல்லை எடுத்தாண்டவர் பட்டியலின் வலப்பக்கத்தை நிரப்பினாரல்லர். அச்செயல் தமிழ் நிலத்தில் எங்கே நடந்தது என்று தேடிச் சென்று, அங்கே கிடந்த பெயரை எடுத்து வந்தார். நிலைத்துவிட்ட இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்பனவற்றை அகற்றுக என யாம் கூறவில்லை. அவற்றைக் கற்பிக்கும்போது இயல்பும் திரிபும், படங்குடிலும் பால்தயிரும் உடனிருத்தல் வேண்டும் என்பதே யாம் வேண்டுவது. அதனை அறிவியலாசிரியர் தாமே செய்தல் அரிது. எழுத்ததிகாரமும் சித்தியாரும் பயின்றவர் அவர்பக்கம் சென்று அமர்தல் வேண்டும்.

திருவலிதாயம் முதலாய கோயில்களில் வழிபடுவோர் வாங்கிச் செல்லும் கருப்பூரம் இருவகையானும் குறையும். பொதியைத் திறந்து வைத்தால் நாளுக்கு நாள் சிறுக்கின்றது. தட்டிலேற்றிச் சுடர் கொளுத்தினால் சில நொடியில் ஒழிகின்றது. முன்னதில் கருப்பூரம் கருப்பூரமாகவே காற்றிற் கலந்து மணக்கின்றது. பின்னதில் அது கருப்பூரமன்று, புகையும் நீராவியும் கரியமில வளியுமாய்விட்டது. இரண்டிலும் எஞ்சுவது ஒன்றுமில்லையாகலின் கண் இவற்றைப் பிரித்தறியாது. வீட்டிலுள்ளார் முன்னதைக் 'கருப்பூரம் கரைந்துவிட்டது' என்பர். பின்னதை 'எரிந்தது' என்பர்.